அரை நாளில் பார்க்கிற ஊரா வியன்டியான்?

லாவோஸ் போகிறோம் என்று யாராவது சொன்னால், அடுத்து என்ன சொல்வார்கள் என்பது எனக்கு மனப்பாடம். "லுவாங் பிரபாங் நாலு நாள், வியன்டியான் அரை நாள் போதும், அங்க ஒண்ணும் இல்ல." எங்களுக்கு டிக்கெட் போட்டுக் கொடுத்தவரும் இதையேதான் சொன்னார். விமான நேரம் ஒத்துவராததால் நானும் அம்மாவும் தலைநகரான வியன்டியானில் நான்கு நாள் தங்கும்படி ஆனது. அதில் ஒரு நாளைக்கூட நான் விட்டுத்தர மாட்டேன்.

ஹோ பிரா கேவ் என்ற பழைய கோயிலிலிருந்து தொடங்குகிறேன். பாங்காக் போன நம்மவர்களில் பாதிப் பேராவது அரண்மனை வளாகத்தில் மரகத புத்தரைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் சிலை இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இருந்த வீடு வியன்டியானில்தான் இருக்கிறது. 1560களில் தலைநகரை லுவாங் பிரபாங்கிலிருந்து இங்கே கொண்டுவந்த மன்னர் செத்தாதிராத், அந்தப் புத்தருக்கென்றே எழுப்பிய கோயில் அது. (அவருக்கும் அது சியாங் மாயிலிருந்து வந்த சிலைதான். அதையும் சொல்லிவிட வேண்டும்.) 1779இல் சயாம் (இன்றைய தாய்லாந்து) படை நகரைப் பிடித்துச் சிலையைக் கொண்டுபோனது. 1828இல் மறுபடியும் வந்து நகரத்தையே தரைமட்டமாக்கியது. இன்று நாம் பார்ப்பது பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில், 1936க்கும் 1942க்கும் இடையில், திரும்பக் கட்டியது. இப்போது அருங்காட்சியகம், பூசை கிடையாது.

அங்கே நிற்கும் புத்தர் சிலைகளில் ஒன்றை விட்டு அம்மா நகரவே இல்லை. இரண்டு கைகளையும் உடம்போடு ஒட்டி, விரல்கள் தரையைப் பார்க்க நேராகத் தொங்கவிட்டு நிற்கிறார். மழையை அழைக்கும் கோலம், லாவோ சிற்பிகளுக்கே உரியது என்று படித்துச் சொன்னேன். "மழைக்காகவா நிக்கிறாரு?" என்று கேட்டுவிட்டு அம்மா கைகூப்பினார். கிணறு வற்றுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

தெருவைக் கடந்தால் எதிரிலேயே வாட் சிசாகேத் கோயில். 1818இல் மன்னர் அனுவோங் கட்டியது. நகரமே எரிந்தபோது இது மட்டும் தப்பியதற்கு, சயாம் பாணியில் கட்டப்பட்டிருந்ததுதான் காரணம் என்கிறார்கள். சுற்றுப் பிராகாரச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள். நம் வீட்டு விளக்கு மாடம் அளவுதான் இருக்கும்; உள்ளே கைக்கு அடங்கும் புத்தர்கள். மொத்தம் 6,800க்கும் மேல். கம்பிக்குப் பின்னால் ஓரிடத்தில், போரில் தலை போனதும் கை போனதும் பாதி உருகியதுமாகச் சிலைகளைக் குவித்து வைத்திருக்கிறார்கள். ஒட்டவைக்கவில்லை, பூசி மறைக்கவும் இல்லை. என்னைக் கேட்டால் அந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது அந்தக் குவியல்தான். அதைப் பார்த்தபின் எந்தக் கோயிலுக்குள் போனாலும் 'இது எப்போது திரும்ப எழுந்தது?' என்றுதான் மனம் கேட்கிறது.

தாட் லுவாங்கும் அப்படித்தான். 1566இல் எழுந்த அந்தப் பொன்னிறத் தூபிதான் லாவோஸின் தேசியச் சின்னம். 1867இல் மேகாங் ஆற்று வழியே வந்த பிரெஞ்சுப் பயணக் குழு, காடு மூடிக் கிடந்த நகரில் அதைக் கண்டது. அந்தக் குழுவின் ஓவியர் லூயி தெலபோர்த் வரைந்து வைத்த படங்களைக் கொண்டுதான் 1930களில் அதைப் பழைய வடிவத்துக்குத் திருப்பினார்கள். "அசல் இல்லையே" என்று உதட்டைப் பிதுக்குபவர்களிடம் எனக்குச் சண்டை உண்டு. இடித்த ஒவ்வொரு முறையும் ஒரு ஊர் எழுப்பிக் கட்டியிருக்கிறதே, அது அசல் இல்லையா?

பாதுசாய் வளைவில் ஏறி ஊரைப் பார்த்தோம். விமான ஓடுதளத்துக்கு அமெரிக்கா கொடுத்த சிமெண்டில் எழுப்பியதாம். அரை மணி நேரம் போதும்.

நகரத்திலிருந்து 25 கிலோமீட்டர் தள்ளி, ஆற்றங்கரையிலேயே இருக்கும் புத்தர் பூங்காவுக்குக் கட்டாயம் போங்கள். 1958இல் புன்லுவா சுலிலாத் என்கிற துறவி தொடங்கியது. எல்லாமே சிமெண்ட், ஆனால் பாசியும் மழையும் சேர்ந்து நூற்றாண்டுகள் பழையது போல ஆக்கிவிட்டிருக்கின்றன. மூன்று தலை யானைமேல் இந்திரன், சிவன், விஷ்ணு, நீளப் படுத்திருக்கும் புத்தர் என்று ஒரே புல்வெளியில் எல்லோரும் இருக்கிறார்கள். அம்மா எனக்கு வழிகாட்டியாக மாறியது அங்கேதான். 1975இல் ஆட்சி மாறியதும் அந்தத் துறவி ஆற்றைக் கடந்து தாய்லாந்தின் நோங் காய்க்குப் போய், அங்கே இன்னொரு பூங்காவைத் தொடங்கினார்.

சாயங்காலமானால் எல்லோரும் மேகாங் கரைக்கு வருகிறார்கள். கோடையில் ஆறு ஒதுங்கி மணல்திட்டு விரிகிறது. அக்கரையில் தெரிவது தாய்லாந்து. பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், ஒரு பக்கம் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி, ஒரு பக்கம் இரவுச் சந்தைக்குச் சிவப்புக் கூடாரங்கள் ஏறுகின்றன. நடுவில் மன்னர் அனுவோங்கின் சிலை, 2010இல் வைத்தது. சயாமை எதிர்த்து எழுந்து, பிடிபட்டு, பாங்காக்கில் சிறையிலேயே இறந்துபோனவர். ஆற்றைப் பார்த்து ஒரு கையை நீட்டியபடி நிற்கிறார். அந்த நீட்டிய கைக்குக் கீழே குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது.

வியங் சன் என்றுதான் அந்த ஊர்க்காரர்கள் சொல்கிறார்கள். சந்தன நகரம் என்றும், சந்திர நகரம் என்றும் பொருள் கூறுவார்கள். இரண்டுமே நமக்குத் தெரிந்த சொற்கள்தானே.

அடுத்த முறை பாங்காக் போகும்போது திட்டத்தில் மூன்று நாள் கூட்டிக்கொள்ளுங்கள். 2024 ஜூலையிலிருந்து அங்கிருந்து வியன்டியானுக்கு நேரடி ரயில் ஓடுகிறது. பகலில் மரகத புத்தரைப் பார்த்துவிட்டு இரவு ரயில் ஏறினால், மறுநாள் அவர் இருந்த வீட்டு வாசலில் நிற்கலாம்.