கர்ப்பிணியிடம் இதையும் கேளுங்கள்

வயிற்றில் பிள்ளையைச் சுமக்கும் பெண்ணைப் பார்த்தால் ஊரே நின்று விசாரிக்கிறது. எத்தனையாவது மாதம், வாந்தி நின்றதா, வாய்க்கு என்ன கேட்கிறது, தலைச்சனா? "காலையில் வயிறு ஒழுங்காகப் போகிறதா?" என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அவளாகவும் சொல்வதில்லை. மாமியாரிடம் சொல்லக் கூச்சம். கணவனிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். பரிசோதனை நாளில் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்து அட்டையில் எழுதுகிறார்கள்; பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது மலச்சிக்கலைப் பற்றிப் பேச அவளுக்கு வாய் வருமா?

இதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்குபவர்களுக்காகவே எழுதுகிறேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் கர்ப்பிணிகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை. அதற்காகத்தான் நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒரு சிவப்பு மாத்திரை, குறைந்தது 180 நாட்களுக்குத் தருகிறார்கள். ஒவ்வொன்றிலும் 60 மில்லிகிராம் இரும்பு. அந்த மாத்திரை பல வீடுகளில் வயிற்றுக்குள் போவதே இல்லை.

என் சித்தி மகள் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது கர்ப்பமானாள். ஹீமோகுளோபின் ஏறவேயில்லை. "ஒழுங்காகச் சாப்பிட்டால்தானே" என்று வீட்டில் ஆளாளுக்குத் திட்டினார்கள். சமையலறை அலமாரியில் புளி டப்பாவுக்குப் பின்னால் மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்டு போட்டு, ஒன்றுகூடப் பிரிக்கப்படாமல் இருந்தன. தனியாகக் கேட்டபோதுதான் சொன்னாள்: "போட்டால் நாள் கணக்கில் போக மாட்டேன் என்கிறது அக்கா. போனாலும் இறுகிக் கறுப்பாகப் போகிறது. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்."

இரும்பு மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும், அது ஆபத்தில்லை என்று மாத்திரையைக் கொடுக்கும்போதே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திருக்காது.

மாத்திரை மட்டுமே காரணமும் இல்லை. கர்ப்ப காலத்தில் பெருகும் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் கருப்பைத் தசையைத் தளர்த்தி வைக்கும்போது குடல் தசையையும் சேர்த்தே தளர்த்திவிடுகிறது. உணவு மெதுவாக நகர்கிறது. தங்கும் நேரம் கூடக்கூட பெருங்குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது. கடைசி மாதங்களில் கருப்பையின் பாரமும் சேர்ந்துகொள்கிறது. இந்த நிலையில் முக்கி முக்கிப் போனால் மூலம் வந்து சேரும். பிரசவத்துக்குப் பிறகும் உட்கார முடியாமல் தவிக்கும் பெண்களை எல்லாக் குடும்பத்திலும் பார்த்திருக்கிறோம்.

என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால் முதலில் கொய்யாப்பழம். விதையோடு, தோலோடு. 100 கிராமில் நார்ச்சத்து 5 கிராமுக்குக் குறையாது. அதிலுள்ள வைட்டமின் சி இரும்பு உடம்பில் சேரவும் உதவுகிறது. ஒரே பழம் இரண்டு வேலை செய்கிறது. பப்பாளியைப் பற்றி வீட்டில் சண்டை போட்டுக்கொண்டிருப்பதைவிடக் கொய்யாவை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாம். தட்டில் சோற்றைக் குறைத்து கீரை, அவரை, கொத்தவரை, வாழைத்தண்டுப் பொரியலைக் கூட்டுங்கள். மாலையில் வடைக்குப் பதில் சுண்டல். நார்ச்சத்தைக் கூட்டினால் தண்ணீரையும் கூட்ட வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் இறுகும். இரும்பு மாத்திரையை டீ, காபியோடு போடக் கூடாது. கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றிவிட வேண்டும்.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு குடல் தானாகவே அசைந்து கொடுக்கும். அந்த நேரத்தில் அவளை அடுப்படியில் நிறுத்தாதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டானால் காலுக்கடியில் ஒரு சிறிய முக்காலி போட்டுக் கொடுங்கள்.

இதற்கும் சரியாகவில்லையென்றால் டாக்டரைக் கேட்டு இசப்கோல் அல்லது லாக்டுலோஸ் எடுக்கலாம். கர்ப்பிணிகளுக்கு வழக்கமாகக் கொடுப்பவைதான். மாத்திரை ஒத்துக்கொள்ளவே இல்லையென்றால் வேறு வகை இரும்புக்கு மாற்றலாம். ரத்தசோகையின் அளவைப் பார்த்து ஊசி வழியாகவும் ஏற்றுகிறார்கள். ஆனால் பாட்டி சொன்னார் என்று விளக்கெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். அது குடலோடு கருப்பையையும் சுருங்க வைக்கும். நிலாவாரைப் பொடியும் டாக்டர் சொல்லாமல் கூடாது. ரத்தம் போனாலோ, விட்டு விட்டு வயிறு இறுகி வலித்தாலோ, வாந்தியோடு வயிறு உப்பினாலோ வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

என் கோபம் இன்னும் ஓர் இடத்தில் இருக்கிறது. தங்கையிடம் தண்ணீர் குடி என்று எல்லோரும் சொன்னோம். அவள் குடிக்கவில்லை. கடையில் கழிப்பறை மேல் மாடியில். போக மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். கூட்ட நேரத்தில் அதுவும் கிடைக்காது. அதனால் தண்ணீரைக் குறைத்தாள், வந்ததையும் அடக்கினாள். கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நல்லது. கர்ப்பிணி ஊழியர் யாரிடமும் கேட்காமல் கழிப்பறைக்குப் போய்வர வேண்டும், அது அவர் வேலை பார்க்கும் தளத்திலேயே சுத்தமாக இருக்க வேண்டும். கடை நடத்தும் நண்பர்கள் இந்தப் பதிவைப் படித்தால், சட்டம் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே இதைச் செய்யுங்கள்.