பத்து நிமிட நாடகம்தானே, மேடம்!

"ஒரு சின்ன உதவி, மேடம்" என்று தொடங்கிய எந்தப் பள்ளி அழைப்பும் சின்ன உதவியோடு முடிந்ததில்லை என்பதைப் பிள்ளை பெற்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இன்று பிற்பகல் இரண்டே கால் மணிக்கு எனக்கு வந்ததும் அந்த ரகம்தான். நாளை மாலை எங்கள் குழுவின் புதிய நாடகம் அரங்கேறுகிறது; இன்று தொழில்நுட்ப ஒத்திகை. விளக்கோ ஒலியோ மாற வேண்டிய ஒவ்வொரு தருணத்தையும் நாங்கள் கியூ என்போம்; அப்படி 64 கியூக்களில் 31ஆவதில் நின்றுகொண்டிருந்தோம்.

ஒத்திகை தொடங்கும் முன் எல்லோரும் கைப்பேசியை அணைத்தாக வேண்டும் என்று கட்டளையிட்டவள் நான்தான். அதைச் சொன்ன தொனியை இப்போது நினைத்தால் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. அதன் பிறகும் அரங்கில் அணையாமல் இருந்த ஒரே கைப்பேசி என்னுடையது. நான் கலை இயக்குநர் மட்டுமல்ல, பள்ளியில் ஒரு குழந்தையை விட்டுவிட்டு வந்த தாயும்கூட என்பதால் அந்தச் சலுகையை எனக்கு நானே வழங்கிக்கொண்டேன். திரையில் பள்ளியின் எண்ணைப் பார்த்ததும், "பயப்பட ஒன்றுமில்லை, மேடம்" என்ற ஆசிரியையின் சொற்கள் என் காதுக்கு வந்து சேர்வதற்குள், நான் மனத்தளவில் மருத்துவமனைக்குப் போய், மாவுக்கட்டுப் போடுவதற்குக் கையெழுத்திட்டு, ஒரு மாத விடுப்புக் கடிதத்தின் முதல் வரியையும் எழுதி முடித்திருந்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்பதை அழைப்பின் முதல் நொடியிலேயே சொல்லிவிட்டு, பிறகு "நலமா, சாப்பிட்டீர்களா" என்று கேட்டால் என்ன குறைந்துவிடும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

விஷயம் இதுதான். ஆண்டு விழாவுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் இருக்கின்றன, நடனங்கள் எல்லாம் தயார், ஒரு நாடகம் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தலைமையாசிரியருக்கு இன்று காலை தோன்றியிருக்கிறது. தோன்றிய மாத்திரத்தில் என் பெயரும் தோன்றியிருக்கிறது. "உங்களுக்கு இதெல்லாம் கைவந்த கலை, மேடம். பத்து நிமிட நாடகம்தானே!"

இந்தத் 'தானே' என்ற ஈற்றைப் பற்றி மட்டும் நான் தனியாக ஒரு நூல் எழுதுவேன். பத்து நிமிட நாடகம்தானே. வகுப்பில் 42 பிள்ளைகள்தானே. ஒவ்வொருவருக்கும் ஒரு வசனமாவது இருந்தால் போதும்தானே, இல்லாவிட்டால் பெற்றோர் வருத்தப்படுவார்கள். ஒருவரையும் பின்வரிசையில் நிறுத்தக் கூடாது, படம் எடுக்கும்போது முகம் மறையும். கருப்பொருள் சுற்றுச்சூழல். கெட்டவன் பாத்திரம் வேண்டாம், ஏனெனில் சென்ற ஆண்டு ஒரு பையன் காட்டை அழிப்பவனாக நடித்துவிட்டு ஒரு வாரம் வீட்டில் யாருடனும் பேசவில்லையாம். யாரும் அழக் கூடாது, யாரும் சாகக் கூடாது, மரம்கூட வெட்டப்படக் கூடாது, ஆனால் முடிவில் பார்ப்பவர் கண்கள் கலங்க வேண்டும். கெட்டவனும் இல்லாமல் கேடும் நேராமல் கண்ணீரை மட்டும் வரவழைக்கும் அந்த வித்தையை யாராவது கண்டுபிடித்திருந்தால் எனக்கும் சொல்லிக் கொடுங்கள். நான் இத்தனை ஆண்டுகளாக வீணாக முரண், மோதல் என்று நடிகர்களின் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து நிமிடம் என்றால் 600 நொடிகள். 42 பேருக்குப் பங்கிட்டால் தலைக்குப் பதினான்கு நொடிகளும் சொச்சமும். அந்தப் பதினான்கு நொடிகளுக்குள் ஒரு குழந்தை பக்கத்திரையிலிருந்து வெளிப்பட்டு, மேடையின் நட்டநடுவில் இருக்கும் ஒற்றை ஒலிவாங்கியை அடைந்து, தன் உயரத்துக்கு அது எட்டாததால் எக்கி நின்று, கூட்டத்தில் அம்மா எங்கே என்று தேடி, கண்டுபிடித்துக் கையசைத்து, வசனத்தை மறந்து, திரும்பி ஆசிரியையைப் பார்த்து, நினைவு வந்து, சொல்லி, ஓட வேண்டும். இதில் நாடகம் எங்கே இருக்கிறது? இது பேருந்து நிறுத்தம்.

ஒத்திகைக்கு எங்கள் தொழிலில் ஒரு தோராயக் கணக்கு உண்டு: மேடையில் ஒரு நிமிடம் ஓடுவதற்குக் குறைந்தது ஒரு மணி நேரம் உழைக்க வேண்டும். அது வளர்ந்தவர்களுக்கு, வந்த இடத்தில் சண்டை போடாதவர்களுக்கு. அந்தக் கணக்கின்படி பத்து மணி நேரம் வேண்டும். பள்ளி எனக்குத் தரத் தயாராக இருந்தது விளையாட்டுப் பாடவேளை மூன்று, ஒவ்வொன்றும் 35 நிமிடம், ஆக மொத்தம் 105 நிமிடங்கள். அதில் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வருவதற்கும், வந்தவர்களில் பாதிப் பேரைத் தண்ணீர் குடிக்க அனுப்புவதற்கும், விளையாட்டு வகுப்பைப் பறித்துக்கொண்டவள் என்று அவர்கள் என்னை வெறுத்து முடிப்பதற்கும் ஆகும் நேரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்.

நான் இதையெல்லாம் சொல்லவில்லை. "எழுதுவதற்கே நாள் வேண்டுமே" என்று மட்டும் மெல்ல ஆரம்பித்தேன். "ராத்திரி உட்கார்ந்தால் முடித்துவிடுவீர்கள், மேடம்" என்றார் ஆசிரியை. அந்தக் கால நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் ஒரே இரவில் முழு நாடகம் ஒன்றை எழுதி முடித்தார் என்று நாடக உலகில் வியந்து சொல்வார்கள். அந்தச் செய்தி இப்படி எனக்கு எதிராகவே திரும்பும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சுவாமிகள் 1918இல் சிறுவர்களைக் கொண்டே ஒரு நாடக சபையைத் தொடங்கினார் என்பதும் உண்மைதான். ஆனால் அந்தச் சிறுவர்கள் சபையிலேயே தங்கி, அங்கேயே உண்டு உறங்கி, நாள் முழுவதும் பாட்டும் பாடமும் பயின்றவர்கள். நான்கே காலுக்குப் பள்ளி வண்டி வந்துவிடும் என்று சொல்லி யாரும் அவர்களைக் காட்சியின் நடுவிலிருந்து இழுத்துக்கொண்டு போனதில்லை.

இத்தனைக்கும் நடுவில் மேடையில் நடந்துகொண்டிருந்ததைச் சொல்ல வேண்டும். 31ஆவது கியூவில் எங்கள் நாயகன் ஏணியின் நான்காம் படியில் நின்று, ஒரு காலைக் காற்றில் விட்டு, இடக்கையை நீட்டி வானத்தைத் தொடுவான். சரியாக அந்த விரல் நுனியில் ஒரு மஞ்சள் ஒளி விழ வேண்டும். அதற்காக ஒளியமைப்பாளர் இன்னோர் ஏணியின் உச்சியில் சூடேறிய விளக்கைக் கையுறையோடு பிடித்துக்கொண்டிருந்தார். அவர் விளக்கைத் திருப்பி முடிக்கும்வரை நடிகர் அசையக் கூடாது. இயக்குநர் "சரி" என்று சொன்னால்தான் அந்த அளவைப் பதிவுசெய்துகொண்டு அடுத்ததற்குப் போக முடியும். இயக்குநரோ (வேறு யார், நான்தான்) கதவோரம் நின்று, பட்டாம்பூச்சிக்கும் ஒரு வசனம் தர முடியுமா என்று பேசிக்கொண்டிருந்தார். அழைப்பு முடிந்ததும் பார்த்தேன்: இருபத்து மூன்று நிமிடங்கள். நாயகனின் முகத்தில் நான் மூன்று மாதங்களாக வரவழைக்க முயன்று தோற்ற அந்தத் துயர பாவம் அப்போது முழுமையாகக் குடியேறியிருந்தது.

கதை இன்னும் முடியவில்லை. "செட்டும் நீங்களே போட்டுவிடுவீர்கள்தானே?" என்றார் ஆசிரியை. ஏன் என்று கேட்டால், நான் கலை இயக்குநராம். சினிமாவில் கலை இயக்குநர் என்றால் அரங்கம் அமைப்பவர். எங்கள் சின்ன நாடகக் குழுவில் கலை இயக்குநர் என்றால் எந்த நாடகம் போடுவது, யார் நடிப்பது, கடனை எப்படி அடைப்பது என்று முடிவெடுப்பவர் என்று விளக்க முற்பட்டேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே, நேற்று அந்த ஏணிக்கு வர்ணம் அடித்ததும், அதற்கு முந்தின நாள் கழிவறைக் குழாயைச் சரிசெய்ததும், நாளை வாசலில் நின்று நுழைவுச்சீட்டைக் கிழிக்கப் போவதும் நான்தான் என்பது நினைவுக்கு வந்ததால், வாதத்தைக் கைவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அந்த வரி வந்தது. "பகலில் உங்களுக்கு நேரம் இருக்கும் அல்லவா, மேடம், நாடகம் எல்லாம் சாயங்காலம்தானே."

எங்கள் வகுப்புப் பெற்றோரில் ஒரு பல் மருத்துவர் இருக்கிறார். "உங்களுக்குக் கைவந்த கலைதானே, 42 பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பல்லைப் பிடுங்கிக் கொடுங்கள், விளையாட்டுப் பாடவேளையில் முடித்துவிடலாம்" என்று அவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கணக்குத் தணிக்கை செய்யும் ஓர் அப்பாவும் இருக்கிறார். அவரைப் பார்த்து "ராத்திரி உட்கார்ந்தால் முடித்துவிடுவீர்கள்" என்று சொல்ல எவருக்கும் துணிவு வராது. நாடகம் மட்டும்தான் உழைப்பே இல்லாமல், மனிதர்கள் கூடினால் தானாக முளைத்துவிடும் காளான் போலும்.

இதில் நாடக வரலாறும் எனக்குத் துணைக்கு வருவதில்லை. 1897இல் ரஷ்ய நாடக மேதைகளான ஸ்தனிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச்-தாஞ்சென்கோவும் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, மறுநாள் காலைவரை 18 மணி நேரம் இடைவிடாமல் பேசி, மாஸ்கோ கலை அரங்கத்துக்கு அடித்தளம் இட்டார்கள் என்று மாணவர்களுக்குப் பக்தியோடு பாடம் நடத்துகிறோம். அந்த ஆண்டில் ஸ்தனிஸ்லாவ்ஸ்கிக்கு வீட்டில் இரண்டு சிறு குழந்தைகள். அந்தப் பதினெட்டு மணி நேரமும் அவர்களுக்கு யார் சோறூட்டினார்கள், யார் உறங்க வைத்தார்கள் என்று நான் படித்த எந்த வரலாறும் எழுதவில்லை. மனைவி மரியா லிலினாவும் நடிகைதான். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். நானோ உதவித்தொகை விண்ணப்பத்தில் "அடுத்த மூன்றாண்டுகளுக்கான உங்கள் கலைப் பார்வை என்ன" என்ற கேள்விக்கு முன்னால் இரண்டு வாரங்களாக விழித்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை மூன்றரை மணிக்குக் குழந்தையை யார் அழைத்து வருவது என்பதே எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

"சரி" என்று சொல்லிவிட்டேன். ஆம், சொன்னேன். "உங்கள் மகள் ரொம்ப ஆசைப்படுகிறாள், மேடம்" என்ற கடைசி அம்பு தைத்தபின் மறுக்க நான் கல் அல்ல. அந்தச் "சரி"யைத் தமக்கானது என்று எண்ணி ஒளியமைப்பாளர் 31ஆவது கியூவைப் பதிவுசெய்துவிட்டார் என்பதும், அதனால் விரல் நுனிக்குப் பதில் நாயகனின் முழங்கை வானத்தைத் தொடுகிறது என்பதும் வேறு கதை.

வீட்டுக்கு வந்து மகளிடம் கேட்டேன். "நீதான் ஆசைப்பட்டாயாமே, உனக்கு என்ன வேடம் வேண்டும்?" அவள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல், "எனக்கு வசனம் எல்லாம் வேண்டாம் அம்மா, நான் திரை இழுக்கிறேன்" என்றாள். 42 பேரில் நாடகம் தெரிந்த ஒரே ஆள். அதற்குள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி பரவிவிட்டது. ஓர் அப்பா தம் மகனுக்குக் கம்பீரமான குரல் என்றும், இரண்டு வசனங்களாவது தரலாம் என்றும், அவன் நதியாக வந்தால் பொருத்தமாக இருக்கும் என்றும் எழுதியிருக்கிறார். கம்பீரமான நதி. எழுதிவைத்துக்கொண்டேன்.

ஆனால் நான் உண்மையில் இதை எழுத உட்கார்ந்தது வேறொரு காரணத்துக்காக. இன்று காலை 19ஆவது கியூவில், முழு இருட்டில், ஒரு நடிகர் மேசை முனையில் முழங்காலை மோதிக்கொண்டு, பிரதியில் இல்லாத ஒரு சொல்லை மிக உணர்ச்சியோடு உச்சரித்தார். மேசை விளிம்பில் இருளில் ஒளிரும் டேப் ஒட்டப்படவில்லை. வெளிச்சத்தை உறிஞ்சிவைத்துக்கொண்டு இருட்டில் சிறிது நேரம் பச்சையாக மினுங்குமே, அதைப் பார்த்துத்தான் நடிகர்கள் இருட்டில் இடம் மாறுவார்கள். போன வாரம் வாங்கிய புதுச் சுருளைக் காணவில்லை. மேடை நிர்வாகம் பார்க்கும் தம்பியை எல்லோர் முன்னிலும் வைத்து, பொறுப்பு என்றால் என்ன, பாதுகாப்பு என்றால் என்ன என்று இரண்டு முழு நிமிடங்கள் வாங்கு வாங்கென்று வாங்கினேன். "பையில்தான் வைத்தேன் அக்கா" என்று அவன் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

சற்று முன் மகளின் அறை விளக்கை அணைத்தேன். அலமாரி மேல் சூரிய மண்டலம் ஒன்று மினுங்கியது. அறிவியல் செய்முறைக்காக அட்டையில் செய்தது. சனியின் வளையங்கள் உட்பட, விண்மீன்கள் உட்பட, ஒரு வால்வெள்ளி உட்பட, மொத்தமும் பச்சை. சுருளில் ஓர் அங்குலம்கூட மிச்சமில்லை. பை என்று அவன் சொன்னது என் பையை. இருட்டில் தரையில் உட்கார்ந்து, குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டு, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

பிறகு தம்பியிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று அழைத்தேன். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்று பதிவுக் குரல் சொன்னது. நான் அணைக்கச் சொன்னேன் அல்லவா.