வீட்டுச் சாப்பாட்டில் எடை கூடாதா?

"உடல் பருமனுக்கு ஒரே காரணம் பீட்சா, பர்கர் கம்பெனிகள்தான், வீட்டுச் சாப்பாடு எவ்வளவு சாப்பிட்டாலும் எடை கூடாது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. முதல் பாதி அரை உண்மை. இரண்டாம் பாதி தவறு.

தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் எடை அதிகமுள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. இத்தனை பேரும் பர்கர் கடையிலா சாப்பிட்டார்கள்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்) 'INDIAB' என்ற நாடு தழுவிய ஆய்வோ, இந்தியர்களின் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்கிறது. தீட்டிய அரிசி, அரைத்த கோதுமை, காபியில் போடும் சர்க்கரை எல்லாம் அதில் சேர்த்திதான். அப்புறம், நாள் முழுக்க நாற்காலி வேலை.

சரி, கம்பெனிகள் நிரபராதிகளா? இல்லை. 2019இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 20 பேரை வைத்துச் செய்த சோதனையில், மிகையாகப் பதப்படுத்திய உணவு தரப்பட்டபோது அவர்கள் தினமும் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆனால் அந்த வகையில் நாம் டீயோடு கடிக்கும் பாக்கெட் பிஸ்கட்டும் உண்டு.

குடும்ப நல ஆய்வின் தமிழ்நாட்டு அறிக்கை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செய்தி உங்கள் குழுவுக்கு வந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.