லாவோஸுக்கு ஓர் இரவு போதும் என்று சிரித்தவர்களுக்கு

நேற்றிலிருந்து அந்த இணையப் பயணக் குழுவில் நடப்பதைப் பார்த்தவர்களுக்கு மறுபடியும் கதை சொல்ல வேண்டியதில்லை. பாங்காக் 3 இரவு, ஹனோய் 3 இரவு, நடுவில் லாவோஸ் 1 இரவு என்று ஒரு திட்டம் போட்டார்கள். லாவோஸுக்கு இன்னும் கொஞ்சம் நாள் கொடுக்கலாமே என்று மரியாதையாகத்தான் எழுதினேன். "கடலே இல்லாத நாட்டுல ரெண்டாம் நாள் என்ன பண்றது?" என்று ஒருவர் கேட்டார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சாயங்காலம் பார்த்தால் என் கருத்தையே காணோம், அந்தச் சிரிப்புகள் மட்டும் இருக்கின்றன.

நீக்கியது அவர்கள் உரிமை, சரி. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் என்னால் தூங்க முடியவில்லை. என் பக்கத்தில் எழுதினால் யாரும் நீக்க முடியாதில்லையா, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். லாவோஸுக்குப் போவதென்றால் லாவோஸுக்கென்றே போங்கள். சாப்பாட்டுக்கு நடுவில் ஊறுகாய் தொட்டுக்கொள்வதுபோல அந்த நாட்டைத் தொட்டுவிட்டு வராதீர்கள்.

தென்கிழக்கு ஆசியாவில் கடற்கரை இல்லாத ஒரே நாடு அது. சீனா, மியான்மர், தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம் என்று ஐந்து நாடுகள் சூழ்ந்திருக்கின்றன. பரப்பளவு 2,36,800 சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு 1,30,000 சதுர கிலோமீட்டர்தான். நம் மாநிலத்தைப்போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான நிலத்தில் ஏறத்தாழ 75 லட்சம் பேர் வாழ்கிறார்கள், அதிலும் பெரும்பகுதி மலை. இதை ஓர் இரவில் என்ன பார்ப்பீர்கள்? விமான நிலையத்தையும் இரவுச் சந்தையையும் பார்ப்பீர்கள். அதற்கு எதற்கு விசா?

இப்போது ரயில் இருக்கிறதே என்கிறார்கள். இருக்கிறது. சீன எல்லையிலிருந்து தலைநகர் வியன்டியான் வரை 2021 டிசம்பரில் திறந்தார்கள். முன்பு ஒரு பகலையே விழுங்கிய வியன்டியான் - லுவாங் பிரபாங் பயணம் இப்போது இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிறது. நல்ல விஷயம், நானும் அதில்தான் போனேன். ஆனால் அந்தத் தண்டவாளம் வடக்கே மட்டும்தான். தெற்கே பாக்சேவுக்கும் சம்பாசக்குக்கும் ரயில் கிடையாது. கிழக்கே, பழங்காலத்துப் பெரிய கல் ஜாடிகள் சிதறிக் கிடக்கும் ஜாடிச் சமவெளி இருக்கிறதே, அந்தப் போன்சவானுக்கும் கிடையாது. லுவாங் பிரபாங்கிலிருந்து போன்சவான் போக மலைப்பாதையில் ஒரு பகல் போய்விடும். தாய்லாந்து எல்லையில் ஹுவாய் சாயிலிருந்து மேகாங் ஆற்றில் படகில் வந்தால் லுவாங் பிரபாங் சேர இரண்டு நாள், நடுவில் பாக்பெங்கில் ஓர் இரவு. அந்த நாடு அந்த வேகத்தில்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்கு நாம் என்ன செய்ய முடியும், நாள் ஒதுக்குவதைத் தவிர?

"ரெண்டாம் நாள் என்ன பண்றது" என்று கேட்டவருக்காகப் போன்சவான் பக்கம் நா பியா என்ற கிராமத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு வீட்டின் பக்கவாட்டில் தகரக் கொட்டகை. உள்ளே மண் அடுப்பு, விறகு. ஒரு அம்மாள் குந்தி உட்கார்ந்து, உருகிய அலுமினியத்தைக் கரண்டியில் மொண்டு, மரச்சட்டத்துக்குள் சாம்பல் அடைத்துச் செய்த அச்சில் ஊற்றுகிறார். ஒரு நிமிடம் ஆகியிருக்காது, அச்சைப் பிரித்தால் ஸ்பூன். ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்ததை நறுக்கிவிட்டு என் கையில் வைத்தார். இளஞ்சூடாக இருந்தது, எடையே இல்லை. அந்த அலுமினியம் போர்க் காலத்துக் குண்டுகளிலிருந்தும் விமானச் சிதைவுகளிலிருந்தும் எடுத்தது.

1964 முதல் 1973 வரை அமெரிக்கா அந்த நாட்டின்மேல் 20 லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. கொத்துக்குண்டுகளிலிருந்து சிதறிய சிறு குண்டுகள் மட்டும் ஏறத்தாழ 27 கோடி. அவற்றில் 30 சதவீதம் வரை வெடிக்காமல் மண்ணிலேயே தங்கிவிட்டதாகக் கணக்கிடுகிறார்கள். இன்றைக்கும் வயலில் மண்வெட்டி வைக்கிறவர் பயந்துகொண்டுதான் வைக்கிறார். ஜாடிச் சமவெளியை 2019இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அங்கே குண்டு அகற்றிய எல்லையைக் காட்டத் தரையில் குறிக்கற்கள் பதித்திருக்கிறார்கள், அவற்றைத் தாண்டிக் கால் வைக்கக் கூடாது. கடல் இல்லாத நாட்டில் பார்க்க என்ன இருக்கிறது என்று சிரித்தவர்கள் அந்தக் கற்களுக்கு நடுவே ஒருமுறை நடந்து பார்க்கட்டும்.

அதுவும் போதாதென்றால் சம்பாசக்கில் வாட் பூ கோயில். அங்கோர் கோயில்களைக் கட்டிய கெமர் அரசர்கள் காலத்துச் சிவன் கோயில், 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. பின்னால் நிற்கும் மலையின் உச்சியே லிங்கம்போல இருப்பதால் அதை லிங்கபர்வதம் என்றார்கள். அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். செங்குத்தான கல்படிகள், இரண்டு பக்கமும் ஈழத்தலரி மரங்கள். முட்டி வலியோடு உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். கருவறைக்குப் பின்னால் பாறையிலிருந்து ஊற்று கசிகிறது. அந்த நீரைக் கல் வாய்க்கால் வழியே கொண்டுவந்து லிங்கத்தின்மேல் விழும்படி அந்தக் காலத்தில் அமைத்திருந்தார்கள். இப்போது உள்ளே புத்தர். விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "அப்ப இங்க ராத்திரி பகலா அபிஷேகம் நடந்திருக்கு" என்றார். ஊற்று நீரைத் தலையில் தெளித்துக்கொண்டு, வாழை இலைக் கூம்பில் செண்டுமல்லி செருகிக்கொண்டிருந்த பெண்களின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். வண்டிக்கு நேரமாகிறது என்று நான் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை. நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்பு வேலை செய்கிறது என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, உள்பெட்டியில் வந்தவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"லாவோஸ்னாலே மோசடிக் கும்பல்தானே?" இந்தப் பயம் நியாயமானது. பொக்கியோ மாகாணத்தில் தங்க முக்கோணச் சிறப்புப் பொருளாதார மண்டலம் என்று ஓர் இடம். டிஜிட்டல் விற்பனை வேலை, வாடிக்கையாளர் சேவை வேலை என்று ஆசை காட்டி நம் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய் இணைய மோசடி செய்ய வைத்தார்கள். 2024இல் இந்தியத் தூதரகம் பலரை மீட்டு அனுப்பியது. வேலை என்று யார் கூப்பிட்டாலும் தூதரகத்தில் விசாரிக்காமல் போகாதீர்கள். சுற்றுலா விசாவில் அங்கே வேலை செய்ய முடியாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் ஒரு மண்டலத்தை வைத்து முழு நாட்டையும் திருட்டு நாடு என்பது அநியாயம்.

வாங் வியெங் என்ற சுற்றுலா ஊரில் 2024 நவம்பரில் மெத்தனால் என்ற விஷச் சாராயம் கலந்த மதுவால் வெளிநாட்டுப் பயணிகள் ஆறு பேர் இறந்தது உண்மை. யாரோ இலவசமாக நீட்டும் மதுவைக் குடிக்காதீர்கள், அவ்வளவுதான். சைவம் கஷ்டம்தான், பப்பாளிச் சாலட்டில்கூட மீன் ஊறல் ஊற்றுவார்கள். முதலிலேயே சொல்லி வாங்குங்கள், ஒட்டரிசி எங்கும் கிடைக்கும்.

"பள்ளி லீவுல போனாத்தானே குடும்பமா போக முடியும்?" ஏப்ரலில் மட்டும் போகாதீர்கள். காட்டையும் வயலையும் எரிக்கும் பருவம், வடக்கே புகை கண்ணை எரிக்கும். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டித்தான் அவர்களுக்கும் புத்தாண்டு, கொண்டாட்டம் அழகு, ஆனால் அந்த நாட்களில் சீட்டும் அறையும் சுலபமாகக் கிடைக்காது. நவம்பரிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நல்லது. அரையாண்டு விடுமுறை அதற்குள் வருகிறது. இ-விசாவை எல்லா எல்லையிலும் ஏற்க மாட்டார்கள், எந்த வழியாக நுழைகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகு விண்ணப்பியுங்கள். அவர்கள் பணமான கிப் நோட்டைத் தேவைக்கு மட்டும் மாற்றுங்கள், வெளியே வந்தால் அதை யாரும் வாங்க மாட்டார்கள்.

அப்புறம் உள்பெட்டியில் வந்த அந்த ஒரு வரி. "காசு இருக்கறவங்க பேசுவாங்க." இதுதான் என்னைக் குத்தியது. பாங்காக்கிலிருந்து இரவு ரயிலில் தாய்லாந்து எல்லை ஊரான நோங் காய், அங்கிருந்து மேகாங் ஆற்றின்மேல் உள்ள நட்புப் பாலம் தாண்டி வியன்டியான் என்று சாதாரண வழியில் போன ஆள் நான். ஓர் இரவுக்காக விமானத்தில் வந்து மறுநாள் விமானத்தில் பறப்பதுதான் சிக்கனமா? எளியவர் பயணமா அது? என்னைப் பணக்காரராக்கினால் கேள்வி செத்துவிடும் என்று நினைத்தீர்களா?

அந்த ஓர் இரவு என்ன செய்யும் என்று லுவாங் பிரபாங்கில் கண்ணால் பார்த்தேன். விடியற்காலையில் பிக்குகள் வெறுங்காலோடு வரிசையாகப் பிச்சை ஏற்க வருவார்கள். ஊர்ப் பெண்கள் பாயில் மண்டியிட்டு, ஒட்டரிசியைக் கையால் உருட்டிப் பாத்திரத்தில் இடுவார்கள். யாரும் பேச மாட்டார்கள். ஒரு வேன் வந்து நின்றது. இறங்கியவர்கள் நம் ஊர்க்காரர்கள்தான், தமிழ்ப் பேச்சு கேட்டது. ஒருவர் ஒரு சின்னப் பிக்குவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் கைப்பேசியை நீட்டி ஃபிளாஷ் அடித்தார். அந்தப் பையன் கண்ணை மூடிக்கொண்டான், நடையை நிறுத்தவில்லை. தள்ளி நில்லுங்கள் என்றேன். "எட்டு மணிக்கு ஃபிளைட்டுங்க, திரும்ப எப்ப வரப்போறோம்?" என்றார்கள். நாளையும் அங்கே இருப்பவர் எதிர்த் திண்ணையில் அமைதியாக உட்கார்ந்து பார்த்திருப்பார். ஒரே விடியலைக் கையில் கொடுத்து அனுப்பினால் ஆட்கள் இப்படித்தான் ஆவார்கள். திட்டம் போட்டவர்களே, இதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

அந்தத் திட்டத்துக்குப் பெயர் கொடுத்த சிலர் ரத்து செய்யலாமா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ரத்து செய்யச் சொல்லவில்லை. பாங்காக்கிலும் ஹனோயிலும் ஒவ்வோர் இரவைக் குறைத்து லுவாங் பிரபாங்கில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் லாவோஸை எடுத்துவிட்டு அந்த இரவையும் பாங்காக்கிலேயே வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்கு அங்கே கடலும் பக்கம்.