மேல் ஷட்ஜத்துக்காகக் காத்திருப்பது

நேற்று ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கல்யாணி ராகத்தில் ஓர் ஆலாபனை கேட்டேன். பாட்டு வரிகளும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவதுதான் ஆலாபனை. இருபது நிமிடப் பதிவு. இதையே நூறு தடவையாவது கேட்டிருப்பேன். அப்படியும் அந்த இடம் வந்தபோது கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

எந்த இடம் என்று சொல்கிறேன். பாடகர் கீழே ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறி, ஏழு ஸ்வரங்களில் கடைசியான ‘நி’யில், அதாவது நிஷாதத்தில் வந்து நிற்கிறார். கல்யாணிக்குக் காகலி நிஷாதம், நிஷாதத்திலேயே உயர்ந்து ஒலிக்கிற வகை. அந்த நிஷாதத்துக்கும், அடுத்து வருகிற மேல் ஷட்ஜத்துக்கும் (மேல் ‘ச’) நடுவில் இன்னொரு ஸ்வரத்துக்கு இடமே கிடையாது. பின்னால் தம்புரா ஷட்ஜத்தை விடாமல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. போய்ச் சேர்ந்துவிடு என்று காது கெஞ்சுகிறது. அவர் போகவில்லை. தைவதத்துக்கு இறங்குகிறார், திரும்ப ஏறி வருகிறார், ஷட்ஜத்தைத் தொடாமலே அதற்கு மேலே இருக்கிற ரிஷபத்தை எட்டிப் பிடித்துவிட்டு மறுபடியும் நிஷாதத்துக்கே வந்துவிடுகிறார். (ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் இப்படித் தாண்டித் தாண்டிப் போவது கல்யாணிக்கு அப்படி ஒரு அழகு.) நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்புறம், எந்த ஆரவாரமும் இல்லாமல், குரல் ஷட்ஜத்தில் போய் அமர்கிறது. எது தம்புரா, எது குரல் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. பிடரி வரை சிலிர்த்துப்போகிறது.

2011இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சிலிர்ப்பைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். தனக்குச் சிலிர்ப்பு தரும் இசையை ஒவ்வொருவரும் கொண்டுவர, அதைக் கேட்கவைத்து மூளையைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். உச்சத்தில், சுக உணர்வோடு தொடர்புடைய மூளை ரசாயனமான டோபமின் சுரக்கிறது. சரி, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதற்கு முன்னால், ‘இதோ வரப்போகிறது’ என்று காத்திருக்கிற நொடிகளிலும் சுரக்கிறது, மூளையின் வேறொரு பகுதியில். படித்தபோது எனக்கு அந்த நிஷாதம்தான் ஞாபகம் வந்தது. காத்திருப்பதே சுகம். அடுத்து என்ன வரும் என்று தெரியத் தெரிய அந்தச் சுகம் கூடிக்கொண்டுதான் போகிறது. நூறாவது தடவை கேட்டும் அலுக்காததற்கு வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

அதனால்தான் ‘சாஸ்திரிய சங்கீதம் ரசிக்க ஞானம் வேண்டும்’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. கல்யாணிக்கும் சங்கராபரண ராகத்துக்கும் ‘ம’ என்கிற மத்திமம் ஒன்றுதான் வித்தியாசம். அது தெரியாமலே ஏழெட்டு வருஷம் இரண்டையும் கேட்டு உருகியிருக்கிறேன். அன்றைக்குக் கிடைத்தது இன்றைக்குக் கிடைப்பதைவிட ஒரு துளியும் குறைவில்லை. ராகத்தின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை. திரும்பத் திரும்பக் கேட்டாலே போதும், எங்கே காத்திருக்க வேண்டும் என்று காது தானாகக் கற்றுக்கொள்ளும்.

முகாரியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யாராவது புலம்பினால் ‘முகாரி பாடாதே’ என்கிறோம். அந்த ராகத்துக்கு நாம் செய்கிற அநியாயம் அது. அப்பா போன பிறகு ரொம்ப நாள் எனக்கு அழுகையே வரவில்லை. ஒரு மத்தியானம் தற்செயலாக முகாரி காதில் விழுந்தது. அது புலம்பவில்லை. அவசரமே இல்லாமல், நிதானமாக, பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் அழுதேன். அழுது முடித்ததும் மனசு லேசாகி, அதே ஆலாபனையை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன். இரண்டாவது தடவை கேட்டபோது இருந்தது துக்கமில்லை, அதைச் சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது ஆலாபனையின் உச்சத்தை மட்டும் வெட்டி அரை நிமிடத் துண்டாகப் போடுகிறார்கள். ஆசையோடு போடுகிறார்கள் என்று தெரியும். ஆனால் காக்கவைக்காமல் கொடுத்த ஷட்ஜம் வெறும் ஷட்ஜம்தான். ஒரே ஒரு ஆலாபனையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ராகமாக இருந்தாலும் சரி. வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், ஒரு வாரம் தினமும் அதையே முழுசாகக் கேளுங்கள். உங்களுக்கு அந்த இடம் எந்த நிமிடத்தில் வருகிறது என்று எனக்கு எழுதுங்கள்.