கையுறைக்காரர் மகனுக்கு எழுத வராதாமா?

இரண்டு நாளாக நீங்கள் எல்லாரும் டேக் செய்துகொண்டிருக்கும் அந்த ஷேக்ஸ்பியர் வீடியோவை முழுசாகப் பார்த்தேன். தேதிப் பிழைகளைக்கூட விட்டுவிடலாம். "கையுறை தைப்பவர் வீட்டுப் பிள்ளை, பல்கலைக்கழகம் போகாதவர், இவ்வளவு எழுதியிருக்க முடியாது" என்று அதில் பேசுபவர் அடித்துச் சொல்கிறாரே, அதை விட முடியவில்லை. எழுதியது ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்ட் டி வியராம். காரணம்? அவர் பிரபு.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்த நாடகங்கள் நாடகக் கம்பெனிக்குள்ளேயே இருந்து வேலை பார்த்த ஒருவர் எழுதியவை. வெளியாளால் இப்படி எழுத முடியாது.

1599-இல் அச்சான ரோமியோ ஜூலியட் பிரதியை எடுங்கள். வேலைக்காரன் பீட்டர் மேடைக்கு வரவேண்டிய இடத்தில் "வில் கெம்ப் நுழைகிறார்" என்று அச்சாகியிருக்கிறது. கெம்ப் ஷேக்ஸ்பியரின் நாடகக் கம்பெனியில் இருந்த நகைச்சுவை நடிகர். 1600-இல் வந்த 'மச் அடூ அபவுட் நத்திங்' பிரதியில் டாக்பெரி, வெர்ஜஸ் இருவரின் வசனங்களுக்கு முன்னால் கெம்ப், கௌலி என்று நடிகர்களின் பெயர்களே நிற்கின்றன. எழுதும்போது பாத்திரத்தின் பெயர் மறந்து, அதில் நடிக்கப்போகிறவரின் முகம்தான் மனதில் இருந்திருக்கிறது. மாளிகையில் உட்கார்ந்து ரகசியமாக எழுதிய பிரபுவுக்கு இந்தக் கைத்தவறு ஏன் வரப்போகிறது?

அந்தக் காலத்து வேலைமுறையைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். எந்த நடிகருக்கும் முழு நாடகத்தையும் கொடுக்க மாட்டார்கள். கையால் நகலெடுக்க வேண்டும், காகிதமும் விலை அதிகம். அவரவர் வசனமும், அதற்கு முன்னால் பேசுபவரின் கடைசி இரண்டு மூன்று சொற்களும் மட்டும் நீளத் தாளில் எழுதிச் சுருட்டித் தருவார்கள். எட்வர்ட் அலைன் என்ற பெரிய நடிகருடைய சுருள் ஒன்று லண்டன் டல்விச் கல்லூரியில் இன்றும் இருக்கிறது. ஒரே நடிகர் இரண்டு மூன்று வேடம் போடுவார். அந்தப் பாத்திரங்கள் ஒரே காட்சியில் சந்தித்துவிட்டால் நாடகம் அங்கேயே நின்றுவிடும். உடை மாற்ற நேரம் விட்டு எழுத வேண்டும். பெண் வேடத்துக்குப் பையன்கள்தான், அவர்களும் சிலரே. இந்தக் கணக்கெல்லாம் தெரிந்தவர் எழுதிய நாடகங்கள் இவை. 1599-இல் அந்தக் கம்பெனியின் குளோப் அரங்கம் எழுந்தபோது அதில் பத்தில் ஒரு பங்கு ஷேக்ஸ்பியருடையது. அதே காலத்து நாடக ஆசிரியர் பென் ஜான்சன் 1616-இல் வெளியிட்ட தன் தொகுப்பில், 1598-இல் தன் நாடகத்தில் நடித்தவர்களில் ஒருவராக ஷேக்ஸ்பியரின் பெயரை அச்சிட்டிருக்கிறார்.

"பிரபு எழுதிக் கொடுத்தார், ஷேக்ஸ்பியர் மேடைக்கு ஏற்றபடி மாற்றினார்" என்று சிலர் வருவீர்கள். சரி, டி வியர் இறந்தது 1604 ஜூனில். ஷேக்ஸ்பியரின் கம்பெனி பிளாக்ஃபிரையர்ஸ் உள்ளரங்கத்துக்குப் போனது அதற்கு ஐந்தாறு வருடம் கழித்து. அங்கே மெழுகுவர்த்தி வெளிச்சம். திரி கத்தரிக்க அங்கத்துக்கு அங்கம் இடைவேளை விட்டார்கள். குளோப்பிலோ பகல் வெளிச்சம், நாடகம் நிற்காமல் ஓடும். அதனால் ஒரு காட்சி முடிந்து வெளியேறிய ஆளே அடுத்த காட்சியில் உடனே நுழைவதைத் தவிர்ப்பார்கள். 'டெம்பெஸ்ட்' நாடகத்தில் நான்காம் அங்கம் முடியும்போது ப்ராஸ்பெரோவும் ஏரியலும் வெளியேறுகிறார்கள். ஐந்தாம் அங்கம் தொடங்கும்போது அதே இருவர் நுழைகிறார்கள். நடுவில் இடைவேளை உண்டு என்று தெரிந்து எழுதியது அது. 1604-இல் செத்தவருக்கு அது எப்படித் தெரியும்? 1613 வாக்கில் இன்னொரு நாடக ஆசிரியர் ஜான் ஃப்ளெட்சரோடு சேர்ந்து ஷேக்ஸ்பியர் எழுதினாரே, அதை டி வியர் எந்தக் கல்லறையிலிருந்து எழுதினார்?

கையெழுத்துப் பிரதி இல்லையே என்பீர்கள். அந்தக் காலத்து நாடகங்களில் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. பிரதி கம்பெனியின் சொத்து. அச்சானதும் அதைப் பாதுகாக்கும் வழக்கமும் இல்லை. இத்தாலி போகாமல் இத்தாலியைப் பற்றி எப்படி எழுதினார் என்பதெல்லாம் ஒரு கேள்வியா, புத்தகம் படித்தார்.

படிப்பு விஷயத்துக்கு வருகிறேன், வலிப்பது இங்கேதான். ஷேக்ஸ்பியரின் அப்பா ஜான் 1568-இல் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் நகரத் தலைவர். ஊர் இலக்கணப் பள்ளியில் நாள் முழுக்க லத்தீன்தான். அந்த வருடங்களின் மாணவர் பதிவேடு அழிந்துவிட்டது, அதனால் எந்தப் பையனின் பெயரும் இல்லை. அதே ஊர்த் தோல் பதனிடுபவரின் மகன் ரிச்சர்ட் ஃபீல்ட் லண்டனில் அச்சகம் நடத்தினார். ஷேக்ஸ்பியரின் 'வீனஸ் அண்ட் அடோனிஸ்' நெடுங்கவிதை 1593-இல் அச்சானது அவரிடம்தான். 'ஜூலியஸ் சீசர்' நாடகத்துக்கு ஆதாரமான, பழைய கிரேக்க எழுத்தாளர் ப்ளூட்டார்க் எழுதிய நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அவர் 1595-இல் அச்சிட்டார். அதே காலத்து நாடக ஆசிரியர் மார்லோ செருப்புத் தைப்பவரின் மகன். பென் ஜான்சனின் மாற்றாந்தந்தை கொத்தனார், ஜான்சனே செங்கல் அடுக்கியவர், பல்கலைக்கழகம் படிக்காதவர். அவர்களிடம் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. பெரிய எழுத்து என்றதும் மட்டும் பெரிய வீட்டைத் தேடுகிறீர்கள். இந்தப் புத்தி எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கே தெரியும், நமக்கும் தெரியும்.

'ட்வெல்ஃப்த் நைட்' நாடகத்தில் சாமர்த்தியசாலியின் கையில் ஒரு வாக்கியம் வெள்ளாட்டுத் தோல் கையுறை மாதிரி, சட்டென்று உள்புறம் வெளிப்புறமாகத் திரும்பிவிடும் என்கிறான் கோமாளி. 'மெர்ரி வைவ்ஸ்' நாடகத்தில் ஒருவனின் வட்டத் தாடி, கையுறைக்காரர் தோல் சீவும் கத்தி போல இருக்கிறதா என்று கேட்கிறாள் ஒருத்தி. அப்பாவின் பட்டறையில் கிடந்த கத்தி அது. அதை ஒளித்து வைக்கவில்லை அவர். நீங்கள் ஏன் அழிக்கப் பார்க்கிறீர்கள்?

ஷேக்ஸ்பியர் தன் 1616 உயிலில், கம்பெனியில் கூட நடித்த ஹெமிங்ஸ், பர்பேஜ், கான்டல் மூவருக்கும் மோதிரம் வாங்க ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதி வைத்தார். ஏழு வருடம் கழித்து ஹெமிங்ஸும் கான்டலும்தான் 36 நாடகங்களைத் திரட்டி அச்சிட்டார்கள். அதில் பாதி அதுவரை அச்சேறாதவை. எங்கள் நண்பர், எங்களோடு வேலை செய்தவர் என்று எழுதிக் கையெழுத்திட்டார்கள். கூடவே நடித்த அந்த இரண்டு பேரையும் பொய்யர்களாக்காமல் அந்த வீடியோவில் ஒரு நிமிடம்கூட நிற்காது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்பதற்கு ஒரு ஆவணமாவது காட்டுங்கள், மேற்கொண்டு பேசலாம்.