ஜூரியை மட்டும் பார்த்தால் எல்லைப்புற நீதிமன்றம் புரியாது

அமெரிக்காவின் ஆரம்பகாலக் கவுண்டி (மாவட்டம் மாதிரியான நிர்வாகப் பகுதி) நீதிமன்றங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாரும் நேராக ஜூரியில் போய் நிற்கிறார்கள். பன்னிரண்டு பேர் கூடித் தீர்ப்புச் சொன்னார்கள், மக்கள் பங்கேற்பு என்பது அவ்வளவுதான் என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. எல்லைப்புறத்தில், அதாவது புதிதாகக் குடியேறிய ஓரப் பகுதிகளில், அந்த நீதிமன்றங்களைத் தாங்கிப் பிடித்தது கோர்ட்டுக்கு வெளியே, காட்டிலும் ஓடைக்கரையிலும் இறந்தவர் வீட்டுத் திண்ணையிலும் சாதாரண விவசாயிகள் சத்தியம் செய்துவிட்டுச் செய்த சில்லறை வேலைகள். வரலாறு எழுதுகிறவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

வர்ஜீனியாவின் ஆகஸ்டா கவுண்டியை எடுத்துக்கொள்வோம். ப்ளூ ரிட்ஜ் மலைக்கு மேற்கே இருக்கும் இதை 1738ல் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். நீதிமன்றம் கூடியது என்னவோ 1745 டிசம்பரில்தான், இன்றைய ஸ்டான்டனில். காகிதத்தில் இதன் மேற்கு எல்லை மிசிசிப்பி ஆறுவரை நீண்டது. முதல் கோர்ட் கட்டடம் வெறும் மரக்கட்டைகளை அடுக்கியது. கட்டைகளுக்கு நடுவே நாலைந்து அங்குல இடைவெளி. ஜன்னல் என்று இரண்டு ஓட்டைகள், கண்ணாடியும் இல்லை, கதவும் இல்லை.

அங்கே உட்கார்ந்த நீதிபதிகளை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. ஏற்கெனவே பதவியில் இருந்தவர்கள் பெயர் பரிந்துரைப்பார்கள், ஆளுநர் நியமிப்பார். பெரும்பாலும் வசதியான நிலக்காரர்கள். சட்டம் படித்தவர்கள் அபூர்வம், சம்பளமும் கிடையாது. கோர்ட் நடக்கக் குறைந்தது நாலு பேர் வேண்டும். ஆற்றில் வெள்ளம் வந்து மூன்று பேர்தான் வந்து சேர்ந்தார்கள் என்றால் அன்றைக்குக் கோர்ட் இல்லை. எல்லா வழக்குக்கும் வாய்தா. முப்பது நாற்பது மைல் குதிரையில் வந்த சாட்சியும் திரும்பிப் போக வேண்டியதுதான். ஆக, மேலே இருந்த அதிகாரம் ஜனநாயகம் இல்லை. இதை ஒளிக்காமல் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும்.

இப்போது ஒரு சாலை எப்படி வந்தது என்று பாருங்கள். ஒரு பள்ளத்தாக்கில் குடியிருப்பவர்கள் கையெழுத்துப் போட்டு, எழுதத் தெரியாதவர்கள் கீறல் போட்டு, எங்களுக்கு ஆலைக்கும் கோர்ட்டுக்கும் வழி வேண்டும் என்று மனு கொடுப்பார்கள். நீதிமன்றம் அந்தப் பகுதி ஆட்களில் மூன்று நான்கு பேரைப் பார்வையிட நியமிக்கும். அவர்கள் சத்தியம் செய்துவிட்டு வழி முழுக்க நடந்து பார்க்க வேண்டும். எங்கே ஆற்றைக் கடக்கலாம், எது சதுப்பு, யாருடைய விளைநிலத்தை அறுத்துக்கொண்டு போகும் என்று அறிக்கை கொடுக்க வேண்டும். நீதிமன்றம் ஒப்புக்கொண்டால் அந்த ஊர்க்காரர் ஒருவரையே மேற்பார்வையாளராகப் போட்டு, தலைவரிப் (ஆளுக்கு இவ்வளவு என்ற வரி) பட்டியலில் உள்ள பக்கத்து ஆண்களை அவர் கையில் ஒப்படைக்கும். அவர்கள் சொந்தக் கோடரியோடும் மண்வெட்டியோடும் வந்து கூலி இல்லாமல் வெட்டித் திருத்த வேண்டும். தலைவரி பதினாறு வயதிலிருந்தே தொடங்கியது. அடிமைகளை வைத்திருந்தவர்கள் தங்கள் பங்குக்கு அவர்களை அனுப்பினார்கள். அந்தச் சாலைகளில் எத்தனையோ கைகள் தங்கள் விருப்பத்தோடு உழைத்த கைகள் இல்லை.

இதில் எது கெடும்? முதலில் வழி வளையும். பார்வையிடுகிறவர் தன் சோள வயலைக் காப்பாற்றிக்கொண்டு சாலையை அடுத்தவர் நிலத்துக்குள் தள்ளுவார். பாதிக்கப்பட்டவர் எதிர் மனு போடுவார், வேறு ஆட்கள் மறுபடி நடந்து பார்ப்பார்கள். ஒருவழியாகச் சாலை வந்த பிறகு பராமரிப்பு கெடும். பக்கத்து வீட்டுக்காரனையே வேலைக்கு விரட்ட மேற்பார்வையாளருக்குச் சங்கடம். விழுந்த மரம் விழுந்தபடியே கிடக்கும். அங்கேதான் கிராண்ட் ஜூரி வருகிறது. இது தீர்ப்புச் சொல்லும் ஜூரி இல்லை, யார் மீது குற்றம் சாட்டலாம் என்று சொல்லும் குழு. வருடத்துக்கு இரண்டு முறை, மே மாதமும் நவம்பரும், 24 சொந்த நிலக்காரர்களை ஷெரிஃப் (நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றும் அதிகாரி) அழைப்பார். 15 பேராவது வந்தாக வேண்டும். கெட்ட வார்த்தை பேசியவர், ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தவர் ஆகியோரோடு சேர்த்துச் சாலையைக் கவனிக்காத மேற்பார்வையாளர் மீதும் இவர்கள் பிராது கொடுத்தார்கள். பிராது கொடுத்தவரும் அதே குண்டும் குழியுமான சாலையில்தான் வந்திருப்பார். அதனால் அந்தப் பிராதுக்கு ஒரு கனம் இருந்தது.

ஓடைத் தண்ணீரின் விசையில் ஓடிய மாவு ஆலை இன்னும் சிக்கல். ஓடையின் ஒரு கரை மட்டும் தன்னுடையது என்றால், அணையின் மறுமுனை ஊன்ற எதிர்க்கரையில் ஒரு ஏக்கர் வேண்டும். மனு வந்ததும் ஷெரிஃப் பன்னிரண்டு நிலக்காரர்களை நேராக ஓடைக்கே கூட்டிப் போவார். அந்த ஏக்கருக்கு என்ன விலை, தண்ணீர் தேங்கினால் மேலே யாருடைய நிலம் மூழ்கும், நஷ்டம் எவ்வளவு என்று பார்த்து எழுதிக் கொடுப்பார்கள். ஜூரி என்றால் அறைக்குள் உட்கார்ந்து வாதம் கேட்பவர்கள் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தப் பன்னிரண்டு பேரைக் காட்ட வேண்டும். சேற்றில் இறங்கி, வெள்ளம் எந்த வேர்வரை ஏறும் என்று பார்த்தவர்கள்.

ஒருவர் உயில் எழுதாமல் இறந்தாலும் கதை இதேதான். சொத்தை நிர்வகிப்பவர் பிணைப்பத்திரம் கொடுக்க வேண்டும். அதில் அக்கம்பக்கத்து ஆட்கள் ஜாமீன் போடுவார்கள். மூன்று நான்கு பேர் சத்தியம் செய்துவிட்டு வீடு முழுக்கப் பார்த்து, ஏர், படுக்கை, ஈயக்கலவைத் தட்டு, பசு, கன்று, இறந்தவருக்கு வர வேண்டிய கடன் எல்லாவற்றுக்கும் விலை போட்டு எழுதுவார்கள். அந்தப் பட்டியலில் மனிதர்களுக்கும், அடிமைகளாக, விலை போட்டார்கள். விலையைக் குறைத்து எழுதினால் கடன்காரர்களுக்கு நஷ்டம், ஏற்றி எழுதினால் நிர்வகிப்பவர் தலையில் விழும். சொத்தை நிர்வகிப்பவர் இறந்தவரின் விதவையாக இருந்து மறுமணம் செய்துகொண்டால் ஜாமீன்தாரருக்குத் தூக்கம் போய்விடும். புதுக் கணவன் சொத்தைக் கரைத்தால் கட்ட வேண்டியது இவர்தானே! அதனால் உடனே கோர்ட்டுக்கு ஓடி, எனக்கு எதிர்ப்பிணை (என் நஷ்டத்துக்கு ஈடு) வேண்டும், இல்லையென்றால் விடுவியுங்கள் என்று கேட்பார். இப்படி யார் யாருக்கு ஜாமீன் போட்டார் என்று பார்த்தாலே ஒரு பள்ளத்தாக்கின் உறவும் பகையும் தெரிந்துவிடும்.

வழக்குகளுக்கான ஜூரி பெரும்பாலும் அன்றைக்குக் கோர்ட் வாசலில் நின்றவர்களிலிருந்து பிடிக்கப்பட்டது. உப்பு வாங்க வந்தவர், குதிரை விற்க வந்தவர், யாராக இருந்தாலும் சொத்துத் தகுதி இருந்தால் போதும். சாட்சிக்கு நாளொன்றுக்கு 25 பவுண்டு எடைப் புகையிலைக் கணக்கில் படி உண்டு, அங்கே புகையிலையே பணம் மாதிரி. பெண்கள் சாட்சி சொன்னார்கள், சொத்தை நிர்வகித்தார்கள், ஆனால் இந்த ஜூரிகளில் இடமில்லை. அடிமைகள் மீது கொலை, திருட்டு போன்ற பெருங்குற்றம் சாட்டப்பட்டால் 1692ஆம் ஆண்டுச் சட்டப்படி ஜூரியே கிடையாது. நீதிபதிகளே விசாரித்துத் தூக்குவரை அனுப்பலாம். சாமானியர் பங்கேற்பு என்று புகழும்போது அந்தச் சாமானியர் யார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இந்த ஏற்பாடு இல்லாத இடத்திலும் கெட்டுப்போன இடத்திலும் என்ன நடந்தது என்பதற்கு இரண்டு கரோலினாக்களும் சாட்சி. தென் கரோலினாவின் உள்நாட்டில் முறையான நீதிமன்றமே இல்லை. எதற்கும் கடற்கரையிலிருந்த சார்ல்ஸ் டவுனுக்குத்தான் போக வேண்டும். 1767ல் ரெகுலேட்டர்கள் என்ற பெயரில் குடியானவர்கள் தாங்களே திருடர்களைப் பிடித்துத் தண்டிக்கத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டவற்றுள் முக்கியமானது நீதிமன்றம். 1769ல் மாவட்ட நீதிமன்றங்களுக்குச் சட்டம் வந்தது.

வட கரோலினாவில் நீதிமன்றம் இருந்தது, கட்டணக் கொள்ளையும் இருந்தது. ஆரஞ்சு கவுண்டியின் பத்திரப் பதிவாளர் எட்மண்ட் ஃபேனிங் அதிகக் கட்டணம் வாங்கியதாக 1768ல் குற்றவாளி என்று தீர்ப்பானது. அபராதம், ஒரு குற்றத்துக்கு ஒரு பென்னி. 1770 செப்டம்பரில் ஹில்ஸ்பரோ நீதிமன்றத்துக்குள், இங்கேயும் ரெகுலேட்டர்கள் என்றே பெயர் வைத்துக்கொண்ட குடியானவர்கள் புகுந்தார்கள். வழக்கறிஞரையும் ஃபேனிங்கையும் அடித்தார்கள், ஃபேனிங்கின் வீட்டை இடித்தார்கள். நீதிபதி ரிச்சர்ட் ஹெண்டர்சன் இரவோடு இரவாகத் தப்பினார். வழக்குப் பதிவேட்டிலேயே தங்கள் வசைகளைத் தீர்ப்புகளாக எழுதி வைத்தார்கள். இந்த வன்முறையை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். ஆனால் அன்றைக்கு அவர்கள் நீதிபதியிடம் வைத்த புகாரைப் படியுங்கள்: ஜூரியைப் பொறுக்குகிறவர்கள் ஒருதலைப்பட்சமாகப் பொறுக்குகிறார்கள், பாரபட்சமில்லாத ஜூரி வேண்டும். கோர்ட்டே வேண்டாம் என்று வந்த கூட்டம் இப்படி ஒரு கோரிக்கை வைக்காது. 1771 மே 16ல் அலமன்ஸில் ஆளுநர் ட்ரையனின் படை அவர்களைத் தோற்கடித்தது. ஜூனில் ஆறு பேரைத் தூக்கிலிட்டார்கள்.

அந்தக் காலத்து நீதிமன்ற ஆணைப் பதிவேடுகளைப் படிக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை இது. கொலை வழக்கைத் தேடிப் போகாதீர்கள். முதலில் சாலை ஆணைகளை மட்டும் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள், மேற்பார்வையாளர் பெயரோடு. அடுத்து அதே பெயர்கள் சொத்து மதிப்பீட்டாளர்களாகவும் ஜாமீன்தாரர்களாகவும் கிராண்ட் ஜூரியிலும் எத்தனை முறை வருகின்றன என்று பாருங்கள். ஒரே ஆள் ஒரு வருடம் பிராது கொடுப்பவராகவும், அடுத்த வருடம் சாலையைக் கவனிக்கவில்லை என்று பிராது வாங்குபவராகவும் வருவார்.